கொன்றவன் சொன்ன காரணம்

பள்ளி விடுமுறை வந்தால் ஜோகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் நம் குடும்பங்கள் முதலில் போவது தேக்காவுக்கு. சேலையும் மளிகைச் சாமானும் வாங்கி முடித்த பிறகு, பிள்ளைகளுக்குக் கடல் காட்டவேண்டும் அல்லவா? ரயிலேறிக் கிழக்கே கடைசி நிலையமான பாசிர் ரிஸ்சில் இறங்குவார்கள். கட்டிக்கொண்டு போன சோற்றை மரநிழலில் பாய் விரித்துச் சாப்பிட ஏற்ற இடம். எதிரே உபின் தீவு. இடையே மீன் வளர்க்கும் பண்ணைகள். சின்னதுகள் மணலில் வீடு கட்டும், பெரியவர்கள் கண்ணயர்வார்கள்.

அந்தப் பாயில் உட்கார்ந்து கடலைப் பார்த்தால் இடப்புறம் தள்ளி இருப்பது பொங்கோல் முனை. வலப்புறம் கரையோடு போனால் சாங்கிக் கடற்கரை. இந்த இரண்டு இடங்களிலும் 1942 பிப்ரவரியில் ஜப்பானிய இராணுவப் போலீசார் சீன ஆடவர்களை நீரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சாங்கியில் 66 பேர். பொங்கோலில் 300 முதல் 400 பேர் வரை. தீவு முழுவதிலும் மாண்டவர் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஜப்பான் தரப்பு 5,000 அல்லது 6,000 என்றது. சீனச் சமூகத்தார் 40,000, 50,000 என்றார்கள்.

நான் எழுத வந்தது அந்தக் கொலையைப் பற்றி அல்ல. அந்தக் கொலைக்குப் பத்திரிகையில் வந்த காரணத்தைப் பற்றி.

சிங்கப்பூர் விழுந்தது பிப்ரவரி 15. ஐந்தே நாளில், பிப்ரவரி 20 அன்று, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருந்த இடத்தில் சியோனான் டைம்ஸ் என்ற புது ஏடு வெளிவந்தது. சாங்கியில் துப்பாக்கி முழங்கியதும் அதே பிப்ரவரி 20 தான். ஏட்டை நடத்தியவர்கள் ஜப்பானியர். கலகம் செய்யக்கூடிய சீனர்களைப் பிடிக்கிறோம், நல்ல குடிமக்கள் நிம்மதியாக வாழவே இதைச் செய்கிறோம் என்ற பொருளில் இராணுவத்தின் அறிவிப்பு அதில் வந்தது. "பிடிக்கிறோம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பிடித்தவர்களை என்ன செய்தார்கள் என்பது கடலோரம் குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

யார் கலகக்காரர்? மூக்குக் கண்ணாடி போட்டவர், பச்சை குத்தியவர், உழைத்துக் காய்க்காத கை உள்ளவர் என்றெல்லாம் பார்த்துப் பிரித்தார்கள். சீனாவில் ஜப்பானை எதிர்த்து நடந்த போருக்கு இங்குள்ள சீனர்கள் நிதி திரட்டி அனுப்பிய கோபம் அடியில் இருந்தது. அந்தக் கோபத்தை ஏடு சொல்லவில்லை. "அமைதி" என்று சொன்னது. 1962-இல் சிக்லாப்பில் எலும்புகள் கிடைத்த பிறகே நாடு முழுவதும் இதைப் பற்றி உரக்கப் பேசியது. அந்த எலும்புகளைத் தாழிகளில் இட்டு, அவற்றின்மேல் 1967-இல் பீச் ரோட்டில் நினைவுச் சின்னம் எழுந்தது. நான்கு தூண்கள், நான்கு மொழிகளில் எழுத்து, தமிழும் உண்டு.

ஜப்பான்காரன் கொடியவன், அவன் ஏடு அப்படித்தான் எழுதும் என்று சிலர் சொல்லலாம். சரி, வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். இது நம் தோட்டப்புறத்துக் கதை.

சிலாங்கூரில் பத்தாங் காலிக்கு அருகே, சுங்கை ரெமோக் ஆற்றோரம் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே கொங்சி வீடுகளில் சீனத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. பால் வெட்டு, அரிசிக்குக் காத்திருத்தல், பிள்ளைகளின் சளி இருமல் என்று நம் லயத்து வாழ்க்கைதான். மொழி மட்டும் வேறு. அவசரகாலம் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. 1948 டிசம்பர் 11 அன்று ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் அங்கே வந்தார்கள். ஆண்களைத் தனியே, பெண்களையும் குழந்தைகளையும் தனியே அடைத்தார்கள். அன்று மாலையே ஓர் இளைஞரைச் சுட்டார்கள். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லோரியில் ஏற்றி அனுப்பினார்கள். பின்பு 23 ஆண்களைச் சுட்டார்கள். குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆக 24 பேர். ஒருவரிடமும் ஆயுதம் இல்லை. ஒரே ஒருவர் மயங்கி விழுந்ததால் தப்பினார்.

செய்தி எப்படி வந்தது தெரியுமா? கொள்ளைக்காரர்களைச் சுட்டு வீழ்த்தினோம், அவசரகாலத்தில் இதுவரை கிடைத்த பெரிய வெற்றிகளில் இது ஒன்று என்று வந்தது. கம்யூனிஸ்டுகளை அந்நாளில் அரசாங்கம் "கொள்ளைக்காரர்" என்றே அழைத்தது. சீன ஏடுகளும் சீனத் தூதரும் கேள்வி எழுப்பிய பிறகு அரசாங்கம் வேறொரு வாக்கியம் சொன்னது: "தப்பி ஓடப் பார்த்தார்கள், அதனால் சுட்டோம்." சுட்டவர்கள் கொடுத்த காரணம் அது. அதையே ஏடுகள் அச்சிட்டன. கணவனையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள் பக்கத்து ஊர்களில் உயிரோடுதான் இருந்தார்கள். முதல் நாள் செய்தியில் அவர்கள் குரல் இல்லை. ஓடுகிற மனிதன் முதுகில் குண்டு வாங்குவான். 23 பேர் கூட்டம் கூட்டமாக ஓட, ஒருவர்கூடக் காயத்தோடு பிடிபடாமல் எல்லோரும் செத்தது எப்படி என்று நம் பெரட்டுக் களத்தில் நிற்கும் எந்தக் கங்காணியும் கேட்டிருப்பார்.

உண்மை 21 ஆண்டுகள் கழித்துத்தான் வெளிவரத் தொடங்கியது. 1970 பிப்ரவரி 1 அன்று லண்டனின் தி பீப்பிள் ஏடு, அந்தப் படையில் இருந்த சிப்பாய்கள் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்த வாக்குமூலங்களை வெளியிட்டது. பொய் சொன்னதும் பத்திரிகை, பொய்யை உடைத்ததும் பத்திரிகை, இதையும் மறக்கக்கூடாது. ஸ்காட்லாந்து யார்டு விசாரணை தொடங்கியது. ஆட்சி மாறியதும் அதே ஆண்டில் நின்றது. உறவினர் விடவில்லை. 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், குற்றமற்றவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டிருக்கலாம் என்று சான்றுகள் காட்டுவதை ஒப்புக்கொண்டும், நெடுங்காலம் கடந்த விசயம் என்று விசாரணைக்கு உத்தரவிட மறுத்துவிட்டது.

இராணுவம் கொன்றால் காரணத்தைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. தனி மனிதன் கொல்லும்போதோ கதை தலைகீழ். காரணத்தை அவனே எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறான்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழவந்த 51 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். சுடுவதை நேரடியாக இணையத்தில் காட்டினான். தன் வெறுப்பையெல்லாம் நீண்ட அறிக்கையாக எழுதி முன்னதாகவே அனுப்பியும் வைத்திருந்தான். பிரதமர் ஜசிந்தா ஆர்டன், அவன் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன் என்றார். அந்த நாடு அறிக்கையைத் தடை செய்தது. வழக்கு நடந்தபோது அவன் கொள்கைக்கு விளம்பரம் தரமாட்டோம் என்று அந்நாட்டுப் பெரிய செய்தி நிறுவனங்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. மக்கள் அறிய வேண்டியதை மறைக்கலாமா என்று நானும் முதலில் நினைத்தேன்.

பிறகு இங்கே, சிங்கப்பூரிலேயே நடந்ததைப் படித்தேன். 2020 டிசம்பரில் 16 வயதுப் பையன் ஒருவன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடிபட்டான். 2021 சனவரி 27 அன்று அரசு அறிவித்தது. இந்திய இனத்தவன், கிறிஸ்துவன். கிறைஸ்ட்சர்ச் காட்சிகளைப் பார்த்தவன். அந்த அறிக்கையைப் படித்து, அதைப் பின்பற்றித் தானும் எழுதத் தொடங்கியவன். உட்லண்ட்ஸிலும் செம்பவாங்கிலும் இரண்டு பள்ளிவாசல்களைக் குறி வைத்திருந்தான். 2021 மார்ச் 15 அன்று வெட்டுக்கத்தியோடு போவதாகத் திட்டம். அந்த நாளை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஒருவருக்கும் திட்டம் தெரியாது. வயது காரணமாக ஏடுகள் அவன் பெயரைப் போடவில்லை.

தாய்மார்களே, அது நம் வீட்டுப் பிள்ளையின் வயது. கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் என்ன படிக்கிறான் என்று நமக்கு எங்கே தெரிகிறது? எந்தக் கூட்டமும் அவனை வந்து சேர்க்கவில்லை. எங்கோ ஒருவன் கொலைக்குச் சொன்ன காரணம், கடல் தாண்டி அவன் அறைக்குள் வந்து சேர்ந்தது.

2020 ஆகஸ்டில் கிறைஸ்ட்சர்ச் வழக்கில் தண்டனைக்கு முன்னால் நான்கு நாள் விசாரணை நடந்தது. பிள்ளையை இழந்த தாய், கணவனை இழந்த பெண், காலில் குண்டோடு நடக்கும் ஆடவர் என்று ஏறத்தாழ 90 பேரின் சொற்கள் நீதிமன்றத்தில் ஒலித்தன. கொன்றவன் பேச வாய்ப்பிருந்தும் பேசவில்லை. ஆயுள் முழுதும் வெளிவர முடியாத சிறை. அந்தப் பையன் கொலைகாரனின் அறிக்கையை எடுத்த அதே இணையத்தில்தான் அந்தத் தாய்மார் பேசியதும் இருந்தது.