தர்பூசணியை எண்ணி விற்கலாமா? டேப் சொல்லும் எடைக் கணக்கு

தர்பூசணி அறுவடைக்கு வந்ததும் வியாபாரிகள் வயலுக்கே வந்து விலை பேசுகிறார்கள். சிலர் எடைக்குக் கேட்பார்கள். சிலர் ‘காய் ஒன்றுக்கு இவ்வளவு’ என்று எண்ணிக்கைக்குக் கேட்பார்கள். காயின் எடை தெரியாமல் எண்ணிக்கைக்குச் சம்மதித்தால் நஷ்டம் விவசாயிக்குத்தான். பெரிய தராசு இல்லாவிட்டாலும் ஒரு தையல் டேப் இருந்தால் எடையைக் கணக்கிட்டுவிடலாம்.

கண் ஏமாறும் இடம்

ஒரு காயின் சுற்றளவு 60 செ.மீ., இன்னொன்று 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவில் கால் பங்குதான் கூடுதல். ஆனால் எடை ஏறத்தாழ இரண்டு மடங்கு. காய் நீளம், அகலம், உயரம் என மூன்று வாக்கிலும் பெருப்பதே காரணம் (1.25 × 1.25 × 1.25 = 1.95).

கணக்கிடும் முறை

கோளத்தின் கன அளவு = 4/3 × 22/7 × ஆரம் × ஆரம் × ஆரம். இது பள்ளியில் படித்ததுதான். காயை வெட்டாமல் ஆரத்தை அளக்க முடியாது, சுற்றளவை அளக்கலாம். சுற்றளவை 7-ஆல் பெருக்கி 44-ஆல் வகுத்தால் ஆரம் கிடைக்கும். 60 செ.மீ. சுற்றளவுக்கு ஆரம் சுமார் 9.5 செ.மீ.; கன அளவு சுமார் 3.6 லிட்டர்.

இதற்குச் சுருக்குவழியும் உண்டு. சுற்றளவை மூன்று முறை பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். 60 × 60 × 60 = 2,16,000; 60-ஆல் வகுத்தால் 3,600 கன செ.மீ., அதாவது 3.6 லிட்டர். தர்பூசணி தண்ணீரில் மிதக்கும். ஆகவே லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே எடை இருக்கும்.

சுற்றளவு 50 செ.மீ. – சுமார் 2 கிலோ
60 செ.மீ. – சுமார் 3.5 கிலோ
75 செ.மீ. – சுமார் 6.75 கிலோ

1,000 காய்களில் பாதி 60 செ.மீ., பாதி 75 செ.மீ. என்றால் மொத்தம் 5 டன்னுக்கு மேல். எல்லாவற்றையும் சிறிய காயின் விலைக்கே எண்ணிக் கொடுத்தால், ஒன்றரை டன்னுக்கு மேல் விலையில்லாமல் போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

• இந்தக் கணக்கு ‘சுகர் பேபி’ போன்ற உருண்டைக் காய்களுக்கே பொருந்தும். நீள்வட்டக் காய்க்கு நீளம் × குறுக்களவு × குறுக்களவு × 0.52 என்று போடவும். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. குறுக்களவு உள்ள காய் சுமார் 6.2 லிட்டர் வரும்.

• டேப்பை காயின் பருத்த பகுதியில், தொய்வில்லாமல் சுற்றவும்.

• வயலின் பல இடங்களிலிருந்து 20 காய்களை அளக்கவும். ஒவ்வொன்றின் எடையையும் தனித்தனியே கணக்கிட்ட பிறகே சராசரி எடுக்கவும். சுற்றளவுக்குச் சராசரி எடுத்தால் எடை குறைத்துக் காட்டும்.

• ஐந்தாறு காய்களை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துச் சரிபார்க்கவும். உள்ளே வெற்றிடம் விழுந்த காய்கள் கணக்கைவிட எடை குறையும்.

சராசரி எடை கைக்கு வந்ததும், அன்றைய சந்தையின் கிலோ விலையால் பெருக்கி, வெட்டுக்கூலியையும் வண்டி வாடகையையும் கழித்தால் ஒரு காய்க்குக் கேட்க வேண்டிய விலை தெரிந்துவிடும். வியாபாரி வருவதற்கு முந்தைய நாளே இதைச் செய்து, சிறியது, பெரியது எனத் தனித்தனி விலையாகப் பேசுவது நல்லது.