சரளைக் குழி ஆவியாதல் ஈட்டுநீர்

சரளைக் குழி ஆவியாதல் ஈட்டுநீர் என்பது, மணலும் சரளையும் வெட்டி எடுக்கப்பட்ட குழிகளில் ஊறித் தேங்கும் நிலத்தடி நீர் ஆவியாகிப் போவதற்கு ஈடாக, அருகிலுள்ள ஆற்றுக்கு வேறு மூலத்திலிருந்து விடப்படும் நீர் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இது குழி வெட்டுவோரின் சட்டக் கடமையாக உள்ளது. தமிழ்நாட்டில் இதற்கு இணையான சட்டம் இல்லை. எனினும் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி போன்ற சிற்றாறுகளை நம்பியுள்ள பகுதிகளுக்கு இக்கருத்து பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இழப்பு நிகழும் விதம்

ஆற்றோர மணற்படுகையில் நிற்கும் நீரும் ஆற்றில் ஓடும் நீரும் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டி நீர் எடுக்கும் வழக்கம் இதன் அடிப்படையில் அமைந்ததே. மண்ணுக்குள் சில மீட்டர் ஆழத்தில் உள்ள நீரை வெயிலும் காற்றும் எளிதில் எட்டுவதில்லை. மேலுள்ள மணலை அகற்றியதும் அந்நீர் திறந்த பரப்பாகிறது. ஆவியாகும் அளவுக்குச் சுற்றுப்புற மணலிலிருந்து மீண்டும் நீர் ஊறுகிறது. ஆற்றைச் சென்றடைய வேண்டிய நீர் இவ்வாறு குழிக்குள் திரும்பிவிடுகிறது. மோட்டாரோ குழாயோ இல்லாவிடினும் குழி ஒரு கிணற்றைப் போலவே செயற்படுகிறது.

ஓராண்டில் 1.5 மீட்டர் உயர நீர் ஆவியாகும் எனக் கொண்டால், ஒரு எக்டேர் குட்டையின் இழப்பு 15,000 கனமீட்டர் ஆகும். இது 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி 1,500 நடை சுமக்கும் அளவாகும்.

கொலராடோவில் சட்டம்

கொலராடோவில் ஆற்றுநீரை முதலில் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முதல் உரிமை. வறட்சிக் காலத்தில் பிந்தைய உரிமையாளர் நீர் எடுப்பதை நிறுத்த வேண்டும். 1969 ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றோடு தொடர்புடைய நிலத்தடி நீரையும் இந்த வரிசைக்குள் கொண்டுவந்தது. ஆற்றில் ஏற்படும் குறைவை ஈடுசெய்தால் பிந்தையவரும் நீர் எடுக்கலாம் என்னும் ஈட்டுத் திட்ட முறையையும் அது ஏற்படுத்தியது.

நிலத்தடி நீரை வெளிப்படுத்தும் சரளைக் குழி சட்டப்படி ஒரு கிணறே என 1988 இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காஷ் லா பூடர் ஆற்று நீர்ப் பயனாளர் சங்கம் ஒரு தரப்பாக இருந்த வழக்குகள் அவை. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், 1980 டிசம்பர் 31 க்கு முன்பே நீர் வெளிப்பட்ட குழிகளுக்கு ஈட்டுக் கடமையிலிருந்து விலக்களித்தது. விலக்குப் பெற்ற குழிகளும் பிறவற்றைப் போலவே ஆவியாகிக்கொண்டிருக்கின்றன என்பதால், இதனை நீரியல் அடிப்படையிலான முடிவு என்பதைவிட ஓர் இணக்க ஏற்பாடு என்பதே பொருந்தும்.

ஈட்டின் அளவு திறந்த நீர்ப்பரப்பின் ஆவியாதலைக் கொண்டு மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது. குழிக்கு முன்பு அங்கிருந்த செடிகொடிகள் உறிஞ்சிய மழைநீர் கழிக்கப்படும். பனிக்கட்டி மூடியிருக்கும் காலத்துக்கு ஆவியாதல் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. நமது தட்பவெப்பத்தில் இச்சலுகைக்கு இடமில்லை. குழியில் ஏற்படும் குறைவு ஆற்றில் உடனே தெரியாது. தொலைவையும் மணலின் தன்மையையும் பொறுத்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்தே தெரியும். குளோவர் முறை எனப்படும் கணிப்பு இத்தாமதத்தை மதிப்பிடுகிறது. ஆகவே ஈட்டுநீர் அளவில் மட்டுமின்றி, உரிய காலத்திலும் உரிய இடத்திலும் சேர வேண்டும். வாய்க்கால் நிறுவனப் பங்குகளை வாங்கியும், நகராட்சிகளின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் குத்தகைக்கு எடுத்தும் இந்நீர் பெறப்படுகிறது.

குழியைச் சுற்றிக் களிமண் குழம்புச் சுவரை அடிப்பாறை வரை இறக்கி, நிலத்தடி நீர்த் தொடர்பைத் துண்டித்துவிட்டால் வெளிப்பட்ட நிலத்தடி நீருக்கான ஈடு தேவைப்படாது. தெற்குப் பிளாட் ஆற்றோரம் பல பழைய குழிகள் இவ்வாறு நீர்த்தேக்கங்களாக மாற்றப்பட்டுள்ளன.

தமிழ்நாடும் கள்ளக்குறிச்சியும்

கள்ளக்குறிச்சி 2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கோமுகி ஆற்றின் அணை கச்சிராயபாளையம் அருகே மலையடிவாரத்தில் உள்ளது. கோமுகி மணிமுக்தா ஆற்றுடனும், அது வெள்ளாற்றுடனும் கலக்கின்றன. ஆண்டு முழுதும் நீர் வேண்டும் கரும்பு இங்கு முக்கியப் பயிர். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன.

கொலராடோவின் கணக்கை இங்கு அப்படியே பொருத்த இயலாது. மாவட்டத்தின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். ஆற்றுடன் நேரடித் தொடர்புடைய வண்டல் மணல் கரையோரங்களில் மட்டுமே காணப்படும். கல் குவாரிகளில் தேங்குவது பாறை வெடிப்புகளில் ஊறும் நீரும் மழைநீரும் ஆகும். அதற்கும் ஆற்றுக்கும் உள்ள தொடர்பை இடத்துக்கு இடம் ஆய்ந்தே கூற முடியும். நீர்மட்டத்துக்கு மேலே வெட்டப்படும் கிராவல் குழிகளில் மழைநீர் மட்டுமே நிற்கும். ஆனால் அது ஏதேனும் ஓர் ஏரிக்கு ஓடைவழிச் சென்றிருக்கக்கூடிய நீராகவும் இருக்கலாம்.

1959 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி வசூலிக்கப்படும் சீனியரேஜ் தொகை, எடுக்கப்படும் கனிமத்தின் அளவைப் பொறுத்தது. குழியில் ஆவியாகும் நீருக்கு அதில் கணக்கு இல்லை. 1882 ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் வழியில், தன் நிலத்தடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமை நில உடைமையாளரைச் சார்ந்ததாகவே கருதப்பட்டு வருகிறது. 2003 இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் 2013 இல் நீக்கப்பட்டது.

கைவிடப்பட்ட குழிகள் இங்கு இழப்பாக அன்றி, கிடைத்த சேமிப்பாகவே பார்க்கப்படுகின்றன. 2017, 2019 வறட்சிகளின்போது மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் கல் குவாரிகளின் நீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்கு வழங்கப்பட்டது. ஆவியாதலைத் தடுக்கும் முயற்சியாக 2017 ஏப்ரலில் வைகை அணையில் மிதக்கவிடப்பட்ட தெர்மாகோல் அட்டைகள் காற்றில் கரை ஒதுங்கியது பலரும் அறிந்ததே.

முன்னுரிமை என்னும் கருத்து தமிழகப் பாசனத்துக்குப் புதியதன்று. கோமுகி அணையிலும் பழைய பாசனம், புதிய பாசனம் எனப் பிரித்தே நீர் திறப்பு அறிவிக்கப்படுகிறது. அணைக்குக் கீழே ஆற்றோரம் வெட்டப்படும் குழிக்கு இவ்வரிசையில் இடம் எதுவும் வகுக்கப்படவில்லை.