கடலில் பிறந்த இரும்பு!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் லாரிகளுக்கு ஓய்வே இல்லை. பாய் சுருட்டியது போலச் சுற்றிய எஃகுத் தகடுகளை ஏற்றிக்கொண்டு சில லாரிகள் வருகின்றன. பளபளக்கும் புதுக் கார்களைச் சுமந்துகொண்டு சில லாரிகள் போகின்றன.

1998-ம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் அங்கே வந்தது.

இத்தனை வண்டிகளுக்கும் எலும்பு எது? இரும்புதான்! ஒரு காரின் எடையில் ஏறக்குறைய பாதி இரும்பும் எஃகுமே.

நம் நாட்டில் எஃகு செய்வதற்கான தாது பெரும்பாலும் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், கர்நாடக மாநிலச் சுரங்கங்களில் கிடைக்கிறது. சரி, அந்தச் சுரங்கங்களுக்குள் இரும்பு எப்படி வந்தது?

கடலில் படிந்தது என்கிறார்கள் விஞ்ஞானிகள்!

குடத்தில் படியும் செம்மண் நிறம்

ஆச்சரியமாக இருக்கிறதா? சில ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். சற்று நேரத்தில் அடியில் செம்மண் போல ஏதோ படியும். அது என்ன? தண்ணீரில் கரைந்திருந்த இரும்புதான். காற்றிலுள்ள பிராணவாயு பட்டதும் அது துருவாகிப் படிந்துவிட்டது.

ஆதிகாலக் கடலிலும் இதுவே நடந்தது. அப்போது காற்றில் பிராணவாயு கிடையாது. கடலடியிலுள்ள வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வந்த இரும்பு, கடல் நீரில் கரைந்தே கிடந்தது. பிறகு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பிராணவாயுவை வெளிவிடத் தொடங்கின. இரும்பு துருவாகி அடியில் இறங்கியது. இரும்பு ஒரு பட்டை, வெண்கல் ஒரு பட்டை என அடுக்கடுக்காகப் படிந்தது.

அந்தப் பட்டைகளை நம் தமிழ்நாட்டிலேயே காணலாம். சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையின் பாறைகளில் இரும்புத் தாதுப் பட்டைகள் ஓடுகின்றன. 2013-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் கஞ்சமலைப் பாறைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தப் பாறைகள் ஒரு காலத்தில் கடலின் தரையாக இருந்தவை, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை என்று கண்டார்கள். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் மலை, அன்று கடலுக்கு அடியில் கிடந்தது!

நான்கு சகோதரர்கள்

அவ்வளவு பழைய கதையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்கு உதவியவைதான் ஐசோடோப்புகள்.

ஒரே சாயலில் நான்கு சகோதரர்கள். குணமும் ஒன்றே. எடையில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். இரும்பு அணுக்களும் அப்படித்தான். அவற்றின் எடை எண்கள் 54, 56, 57, 58. நூறு இரும்பு அணுக்களை எடுத்தால் சுமார் 92 அணுக்கள் 56 என்ற எடை உள்ளவை. சுமார் 6 அணுக்கள் 54 எடை உள்ளவை. மற்ற இரண்டும் மிகச் சொற்பம். ஒரே தனிமத்தில் எடை மட்டும் மாறுபடும் இந்த வகைகளுக்குத்தான் ஐசோடோப்புகள் என்று பெயர்.

களத்தில் நெல்லைத் தூற்றும்போது என்ன நடக்கிறது? கனத்த நெல் நேரே விழுகிறது. லேசான பதர் விலகிப் போய் விழுகிறது. அணுக்களை எடை பிரிக்கும் கருவியில் காற்றுக்குப் பதில் காந்தம் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அணுக்கள் காந்தத்தைக் கடந்து ஓடும்போது லேசானவை அதிகமாக வளைகின்றன. கனமானவை குறைவாக வளைகின்றன.

இதனால் என்ன தெரிகிறது? கரைந்த இரும்பில் ஒரு பகுதி மட்டும் துருவானால், கனமான அணுக்கள் துருவோடு சற்று அதிகமாகச் சேர்ந்துகொள்ளும். முழுவதும் துருவானால் விகிதம் மாறாது. ஆகவே, பாறையிலுள்ள இரும்பு சற்றுக் கனமாக இருந்தால், அந்தக் கடலில் பிராணவாயு குறைவாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். நுண்ணுயிர்களும் இந்த விகிதத்தை மாற்றும் என்று 1999-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள்.

பாறைக்குள் ஒரு கடிகாரம்

தாது எப்போது உண்டானது என்று சொல்ல வேறொரு கடிகாரம் உண்டு. யுரேனியம் மெதுவாக, மிக மெதுவாக ஈயமாக மாறுகிறது. யுரேனியத்தின் ஒரு வகை பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும்! பாறையில் யுரேனியம் எவ்வளவு, அதிலிருந்து வந்த ஈயம் எவ்வளவு என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி பகுதியில் மாபெரும் இரும்புச் சுரங்கங்கள் இருக்கின்றன. அங்குள்ள உயர்ந்த ரகத் தாது 220 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டானது என்றே முன்பு நம்பினார்கள். தாதுவையே நேராக அளந்த ஆய்வு ஒன்று 2024-ல் வெளிவந்தது. அதன் வயது 140 கோடி முதல் 110 கோடி ஆண்டுகள்தான் என்று அது கூறியது. கடலில் படிந்த பழைய பாறை, கண்டங்கள் நகர்ந்த காலத்தில் மறுபடியும் மாறி, செறிந்த தாதுவாகியிருக்கிறது.

இந்த ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அல்ல. தாது எப்போது, எப்படி உண்டானது என்று தெரிந்தால்தான் இனி எங்கே தேடுவது என்பது தெரியும். கண்ட இடத்தில் மலையைக் குடைய வேண்டியதில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த தாதுவை மனிதன் சில பத்தாண்டுகளில் தோண்டித் தீர்த்துவிடுகிறான். மறுபடியும் விளைவிக்க அது நெல் அல்ல! ஆனால், எஃகை எத்தனை முறை உருக்கினாலும் மீண்டும் பயன்படும். தொழிற்சாலையில் தகடு வெட்டிய பின் மிஞ்சும் துண்டும், வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் அரிவாளும் குப்பை அல்ல.

ஒரு காலத்தில் தெருத் தெருவாக, "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு வருவார்கள். அந்த இரும்பு எவ்வளவு பழையது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது!