வலி வந்தால் நிறுத்துங்கள்: வீட்டு உடற்பயிற்சியில் நம் பாதுகாப்பும் உரிமையும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் இருக்கிறது ஓரிக்கை. தறி வீடுகள் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி பஸ் பிடித்து ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஜிம்முக்குப் போக நேரமில்லாதவர்கள், பணமில்லாதவர்கள், வீட்டில் போக விடாத பெண்கள் என எல்லோருக்கும் இப்போது செல்போன்தான் மாஸ்டர். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் தெருவுக்குத் தெரு இருக்கிற காலத்தில், ஒருவர் தானாக எழுந்து உடம்பை அசைக்க நினைப்பதே பெரிய விஷயம். அதனால்தான் அந்த முயற்சி காயத்தில் முடிவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தறி வீட்டில் நடந்தது இது. சின்னக் கூடம், பாதி இடம் குழித்தறிக்கே போய்விடும். மீதி சிமென்ட் தரை, காலையில் துடைத்த ஈரம் காயாமல் இருந்தது. அந்த வீட்டுப் பெண் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, நைட்டியோடு, வெறுங்காலில் குதித்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்தவர் காலில் ஷூ. அவர் நின்றது ரப்பர் விரித்த தரையில். "இன்னும் பத்து செகண்ட்தான், விடாதீங்க" என்றது குரல். விடாமல் குதித்தவருக்குக் கால் பிசகியது. கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கிவிட்டது. ஆனாலும் சாயங்காலம்வரை அதை அவர் காயம் என்றே நினைக்கவில்லை. பயிற்சி செய்தால் வலிக்கத்தானே செய்யும் என்று சமையலைப் பார்க்கப் போய்விட்டார். அந்த நினைப்பைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

செல்போனில் வரும் இதுபோன்ற கடும் பயிற்சிகளில் அடிக்கடி காதில் விழும் பெயர் தபாட்டா. 20 நொடி முழு வேகம், 10 நொடி ஓய்வு, இப்படி எட்டுச் சுற்று. மொத்தம் நாலே நிமிடம். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு இது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். பெரும்பாலோர் கல்லூரி விளையாட்டு அணிகளில் இருந்தவர்கள். அவர்கள் தரையில் குதிக்கவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி வைத்த சைக்கிளைத்தான் மிதித்தார்கள். சைக்கிள் மிதிக்கும்போது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் தரையின் இடி வராது. நாலு நிமிடக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, சைக்கிளுக்குப் பதில் குதிப்பைச் சேர்த்து, நாற்பது வயது இல்லத்தரசிக்கும் ஐம்பது வயது நெசவாளிக்கும் அதையே கொடுத்தால் அது வேறு பயிற்சி ஆகிவிடுகிறது. படுத்து எழுந்து குதிக்கும் பர்ப்பியும் அப்படித்தான். 1930-களில் அமெரிக்காவின் ராயல் பர்ப்பி அதை உடல்தகுதியை அளக்கும் சோதனையாக உருவாக்கினார். நாலே தடவை செய்யச் சொன்னார். இன்று அதை ஐம்பது, நூறு என்று சவாலாக விடுகிறார்கள்.

குழித்தறியில் உட்காருபவரின் உடம்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கால் குழிக்குள், இடுப்பு மடங்கியபடி, முதுகு முன்னால் வளைந்து மணிக்கணக்கில் இருப்பவர் அவர். இடுப்பின் முன்பக்கத் தசை இறுகியிருக்கும், கீழ்முதுகு ஏற்கெனவே களைத்திருக்கும். இரவு ஷிப்டு முடித்து வருபவருக்குத் தூக்கம் பாக்கி. இவர்கள் எழுந்ததும் நேரே குதிக்கக் கூடாது. ஏரில் புதிதாகப் பூட்டிய காளையை முதல் நாளே முழு வயலையும் உழவிடுவோமா? முதல் சில வாரம் வேகநடை போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைத்தான் முதலில் சொல்கிறது. கடும் பயிற்சிதான் வேண்டும் என்றால் 75 நிமிடத்திலிருந்து. ஆக நடையே போதாது என்று யாரும் உங்களைப் பயமுறுத்த முடியாது.

நடை பழகிய பிறகு கடும் பயிற்சிக்கு வரலாம். அப்போதும் தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் போதும், இடையில் இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும். ஐந்து பத்து நிமிடம் கை காலை அசைத்து உடம்பைச் சூடாக்காமல் இறங்கக் கூடாது. குதிக்கச் சொல்லும் இடத்தில் ஒரு காலைப் பக்கவாட்டில் எடுத்து வையுங்கள்; வியர்வை அப்போதும் வரும். தரை காய்ந்திருக்கட்டும், காலில் ஷூ இருக்கட்டும். வெறும் பாயும் போர்வையும் தரையில் வழுக்கும். எண்ணிக்கையை எட்டுவதற்காக முதுகு வளையத் தொடங்கினால் அத்தோடு அந்தச் சுற்று முடிந்தது. காணொளி ஓடட்டும், நீங்கள் நில்லுங்கள். அந்தக் குரலுக்கு உங்கள் முழங்கால் தெரியாது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் ஷீட் போட்ட வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, விசிறியும் இல்லாமல் செய்தால் உடம்பின் சூடு வெளியேற வழியில்லை. பெண்கள் கதவைச் சாத்துவது வெட்கத்துக்காக. அதைக் குறை சொல்ல மாட்டேன். விடிவதற்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், விரத நாளில் கடும் பயிற்சி வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகு, முக்கியமாக ஆபரேஷன் செய்து பிறந்திருந்தால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குதிப்பும், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியும் வேண்டாம். குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்றால் அது அவமானமும் இல்லை, வயதும் இல்லை. இடுப்புத்தளத் தசை தளர்ந்ததற்கான அடையாளம் அது. அதற்கென்றே பிசியோதெரபி பயிற்சிகள் உண்டு. யாரிடமும் சொல்லாமல் இதை வருடக்கணக்கில் சுமக்கும் பெண்கள் பலர். தயவுசெய்து சொல்லுங்கள்.

எது சாதாரண வலி, எது காயம்? மறுநாள் இரண்டு தொடையும் ஒரேமாதிரி கனத்து, மாடிப்படி இறங்கும்போது பிடித்து, இரண்டு மூன்று நாளில் தணிந்தால் அது பழகாத தசையின் வலி. ஒரு பக்கம் மட்டும், மூட்டிலேயே, குத்துவதுபோல் வலித்தால், வீங்கினால், "டப்" என்று சத்தம் கேட்டிருந்தால், முழங்கால் மடங்காமல் சிக்கிக்கொண்டால் அது காயம். முதுகுவலி கால்வரை இறங்கி மரத்துப்போனாலும் அப்படியே. மரத்துப்போவதோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனால் அன்றே ஆஸ்பத்திரி.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். பழக்கமில்லாத உடம்பு அளவுக்கு மீறி உழைக்கும்போது தசை இழைகள் சிதைந்து, அவற்றின் உள்ளிருக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். பயிற்சி முடித்த ஒன்றிரண்டு நாளில் தாங்க முடியாத தசைவலி, வீக்கம், அசதி. சிறுநீர் கறுத்த டீ டிகாஷன் நிறத்தில் போகும். நிறம் மாறாமலும் சிலருக்கு வரும். கிரியேட்டின் கைனேஸ் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் போனால் சலைன் ஏற்றிச் சரிசெய்ய முடியும். நம் ஊரில் செய்யும் தவறு, மெடிக்கலில் வலிக்கு ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது. டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் இந்த நிலையில் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

இதயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது, உடற்பயிற்சி செய்பவர்களிடையே பெரிய பயம் கிளம்பியது. பயிற்சிதான் காரணம் என்று ஒரு மரணத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரை எடுத்து ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, அளவுக்கு மீறிய குடி ஆகியவற்றோடு, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் செய்த கடும் உடலுழைப்பும் தொடர்புள்ள காரணங்களில் ஒன்றாக அதில் வந்தது. ஆகவே குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தால், உங்களுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்தால், நாற்பதைத் தாண்டியிருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குக் கடும் பயிற்சியில் சர்க்கரை சட்டென இறங்கிவிடலாம். நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல் வந்தால் வாயு என்று சோடா குடித்து நேரத்தைக் கடத்தாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

கால் பிசகினால் நம் பக்கத்தில் முதலில் தேடுவது சுளுக்கு எடுப்பவரை. வீங்கிய கணுக்காலை எண்ணெய் விட்டு அழுத்தி உருவினால், உள்ளே இருக்கும் விரிசலும் நார்க்கிழிசலும் பெரிதாகும். முதல் இரண்டு நாள் உருவவே வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த எளிய அளவுகோல் ஒன்றைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்: காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். யார் கட்டிய கட்டாக இருந்தாலும் விரல் மரத்தால், நீலம் பாய்ந்தால் உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அங்கேயே அரசு மருத்துவமனை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐக் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பார்க்கிறார்கள்; தேவைப்படுகிறவர்களுக்குப் பிசியோதெரபியும் தருகிறார்கள். மாத்திரை கொண்டுவரும் அந்தத் திட்டப் பணியாளரிடமே கேளுங்கள்.

இனி உரிமை. காசு கொடுத்துச் சேர்ந்த ஆன்லைன் வகுப்போ செயலியோ என்றால் நீங்கள் நுகர்வோர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். இலவசக் காணொளிக்கு அந்தச் சட்டப்படி சேவைக் குறைபாட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் அதில் பொய் விளம்பரம் இருந்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் தரலாம். அந்த ஆணையம் விளம்பரம் செய்தவருக்கும் அதில் தோன்றிப் பரிந்துரைத்தவருக்கும் முதல் தடவை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். 2023 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதல்களின்படி, உடல்நல நிபுணர் என்று சொல்லிக்கொண்டு விளம்பர நோக்கில் பேசுகிறவர்கள் தங்கள் தகுதிச் சான்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பணம் கட்டும் முன் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உங்கள் வயதையும் நோயையும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கிறவரிடம் சேராதீர்கள்.

"எல்லாம் உங்கள் சொந்தப் பொறுப்பில்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வரி ஒன்றே கவனக்குறைவை மூடிவிடாது. முழங்கால் வலி என்று நீங்கள் சொன்ன பிறகும் குதிக்கச் சொன்ன செய்தி வாட்ஸ்அப்பில் இருந்தால் அது சாட்சி. ஆனால் அந்தப் பயிற்சியால்தான் காயம் வந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும், அது சுலபமில்லை. எனவே பணம் கட்டிய ரசீது, பேசிய செய்திகள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். மருத்துவரிடம் எப்படி அடிபட்டது என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய ரப்பர் பட்டை அறுந்து கண்ணில் அடித்தால் அது பொருளின் குறைபாடாக இருக்கலாம். அப்படியானால் தயாரித்தவரும், சில நிலைகளில் விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். அறுந்த பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இணைய வணிகத் தளம் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நிறுத்தச் சொன்ன பிறகும் சந்தாப் பணம் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தால் வங்கியில் சொல்லி அந்தத் தானியங்கிப் பிடித்தத்தை ரத்து செய்யலாம்.

முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையவழியிலும் மனுத் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.