குழாய்ச் சொட்டும் காமிராப் பயிற்சியும்

சென்ற ஆண்டு பள்ளி விளையாட்டு விழாவில் என் மகள் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். அவள் எல்லைக் கோட்டைத் தாண்டிய கணத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கோடு தெளிவாக இருக்கிறது. நடுவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். மகளின் முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்ததுபோல் இழுபட்டுக் கிடக்கிறது! இத்தனைக்கும் படம் எடுக்கக் கற்றுத்தரும் இணையப் பாடங்கள் இருபதாவது பார்த்திருந்தேன். பார்த்ததோடு சரி; எதையும் செய்து பழகவில்லை.

படத்தின் விவரங்களைத் திறந்தேன். ஷட்டர் நேரம் 1/60 வினாடி. கைப்பேசியில் திறந்து மூடும் கதவு எதுவும் இல்லை. உணரி எவ்வளவு நேரம் ஒளியைச் சேகரிக்கிறதோ அதுவே ஷட்டர் நேரம். மேகம் மூடிய மாலையாதலால் காமிரா தானாகவே நீண்ட நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. நூறு மீட்டரை 14 வினாடியில் ஓடுபவரின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 7 மீட்டர். 1/60 வினாடியில் அவர் ஏறத்தாழ 12 செ.மீ. நகர்ந்துவிடுவார். முகம் எப்படித் தெளிவாக விழும்?

பழகலாம் என்றால், மகளைத் தினமும் ஓடச் சொல்ல முடியுமா? குழாய் இருக்கிறதே! ஜன்னலருகே உள்ள குழாயிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழட்டும். (கீழே வாளி வைக்க மறக்காதீர்கள்.) சொட்டு விழும் பாதையை ஒட்டி ஓர் அளவுகோலை நிறுத்துங்கள். 20 செ.மீ. விழுந்த சொட்டின் வேகம் என்ன? v² = 2gh. கணக்கிட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வரும். ஆகவே 1/60 வினாடியில் அது 3.3 செ.மீ. நகர்ந்து கோடாகத் தெரியவேண்டும். 1/250 வினாடியில் 8 மி.மீ.; 1/1000 வினாடியில் வெறும் 2 மி.மீ. கோட்டை அளந்து பாருங்கள். காமிரா சொல்லும் நேரம் உண்மைதானா என்பதையும் சோதித்துவிடலாம்!

பல கைப்பேசிகளில் 'புரோ' என்ற பகுதியில் ஷட்டர் நேரத்தை நாமே வைக்கலாம். சொட்டு விழும் இடத்தில் ஒரு பென்சிலைப் பிடித்துக் குவியத்தைச் சரிசெய்து பூட்டிவிட்டு, பென்சிலை எடுத்துவிடுங்கள். முதல் நாள் ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். 1/1000க்கு வரும்போது படம் இருண்டுவிடும். வியப்பில்லை, ஒளி ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிட்டது. மறுநாள் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100லிருந்து 1600க்கு உயர்த்துங்கள். படம் பழைய வெளிச்சத்துக்கு வரும். ஆனால் பொட்டுப் பொட்டாக இருக்கும்.

ஏன்? ஐ.எஸ்.ஓ. புதிதாக ஒளியைக் கொண்டுவருவதில்லை. வந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. ஒளி ஃபோட்டான்களாக, சீரற்று வந்து விழுகிறது. ஒரு புள்ளியில் 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதமாயிற்றே! இந்தக் கரகரப்பைக் கண்டு பயந்துதான் நான் பல நாள் ஐ.எஸ்.ஓ.வைத் தொடாமலே இருந்தேன். அது தவறு. பொட்டு விழுந்த முகத்தை அடையாளம் காணலாம். இழுபட்ட முகத்தை என்ன செய்வது?

இந்த ஆண்டு விழாவுக்கு 1/1000 வைத்துக்கொண்டு போனேன். படத்தில் சற்றே கரகரப்பு. ஆனால் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. மகள் இம்முறை இரண்டாவது. முதலில் வந்த பெண்ணின் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்தனுப்பினேன்.