அண்டை வீட்டு முற்றத்தில் நமது கண்

 

நமது தெருக்களில் இன்று கேமரா இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகி வருகிறது. வாசலில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, கொல்லைப்புறத்தில் ஒன்று என அவை நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. திருட்டுப் பயம் உண்மையானது. பொருளைப் பாதுகாப்பது மார்க்கம் விரும்பும் செயலும்கூட. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. எனவே கேமரா வைப்பது கூடாது என்று எவரும் சொல்லவில்லை. அந்தக் கேமரா எதைப் பார்க்கிறது என்பதே கேள்வி.

எமது மஹல்லாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. முதல் ஸஃப்பில் தொழும் ஒரு பெரியவரின் இருசக்கர வாகனம் வீட்டு வாசலிலேயே திருடு போனது. அவர் நான்கு கேமராக்களைப் பொருத்தினார். பக்கத்து வீட்டில் கணவரை இழந்த ஒரு சகோதரி இத்தாவில் இருந்தார். கொல்லைக் கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரில் ஒரு கேமரா தன்னை நோக்கியிருப்பதை அவர் கண்டார். அன்று மூடிய கதவை அவர் பின்னர் திறக்கவே இல்லை. கிணற்றடிக்குப் போகவில்லை, துணி உலர்த்தப் போகவில்லை. வெளியே செல்லவும் வழியில்லாத அந்த நான்கு மாதம் பத்து நாட்களில், அவருக்கென்று இருந்த ஒரு துண்டு வானமும் அடைபட்டுப் போனது.

இத்தா முடிந்த பிறகே அவருடைய சகோதரர் பள்ளிவாசலுக்கு வந்து மிகுந்த தயக்கத்துடன் விஷயத்தைச் சொன்னார். நான் அந்தப் பெரியவரின் அருகில் அமர்ந்து அவரது கைபேசியை வாங்கிப் பார்த்தேன். படத்தின் இடது பாதி முழுவதும் அண்டை வீட்டுக் கொல்லை. கிணறு, துவைக்கும் கல், துணிக்கொடி அனைத்தும் தெளிவாகத் தெரிந்தன. அதே காட்சி துபாயில் வேலை செய்யும் அவருடைய மகனின் கைபேசியிலும் தெரிந்துகொண்டிருந்தது. பெரியவர் தலை குனிந்தார். "ஹஜ்ரத், பொருத்த வந்த பையன் நல்லா கவர் ஆகும்னு சொல்லி வெச்சான். நான் பின்பக்கப் படத்தைத் திறந்து பார்த்ததே இல்லை" என்றார். அவர் பொய் சொல்பவர் அல்லர். அன்றே ஏணி வைத்து ஏறினார்கள். பத்து நிமிடத்தில் கேமரா திரும்பியது.

பத்து நிமிடத்தில் முடிகின்ற காரியம் நான்கு மாதங்களுக்கு மேலாக ஏன் முடியவில்லை? அவர்கள் கேட்க வெட்கப்பட்டார்கள். இவர் நினைத்துப் பார்க்கவில்லை. இதைப் பற்றி ஒரு ஜும்ஆவிலேனும் நானும் பேசியிருக்கவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே இதனை எழுதுகிறேன்.

பார்வைக்காகவே அனுமதி

பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்பது சூரத்துந் நூரின் 27ஆம் வசனம் தரும் கட்டளை. இதன் நோக்கம் கால் உள்ளே போவதைத் தடுப்பது மட்டுமன்று. நபி (ஸல்) அவர்களின் அறையினுள் ஒரு மனிதர் துவாரத்தின் வழியாக எட்டிப் பார்த்தார். அப்போது அண்ணலாரின் கையில் தலை வாரும் இரும்புச் சீப்பு இருந்தது. அவர் பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் அதனால் அவரது கண்ணில் குத்தியிருப்பேன் என்று கடுமையாக எச்சரித்த நபியவர்கள், அனுமதி கோருவது விதியாக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்றும் விளக்கினார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. கால் வாசலில் நிற்கும்போதே கண் உள்ளே போய்விட்டால் அனுமதி கேட்பதில் பொருள் என்ன? அந்த மனிதர் ஒரு கணம் பார்த்தார். நமது கேமராவோ இரவு பகலாகப் பார்க்கிறது. பார்த்ததைச் சேமித்தும் வைக்கிறது.

சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதை, அதாவது தஜஸ்ஸுஸை, நேரடியாகத் தடை செய்கிறது. "நான் துருவவில்லையே, அதுவாகத்தானே பதிவாகிறது" என்று சிலர் கூறுவர். தெரியாமல் பதிவானதற்கு மன்னிப்பு உண்டு. தெரிந்த பிறகும் திருப்பாமல் விட்டால் அது நமது செயலாகிவிடுகிறது.

உமர் (ரலி) அவர்களின் கடிதம்

எகிப்தில் ஃபுஸ்தாத் நகரம் உருவான காலம். காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் அங்கே மாடி அறை ஒன்றைக் கட்டினார்கள். செய்தி மதீனாவுக்கு எட்டியது. அண்டை வீட்டாரின் மறைவிடங்கள் அதிலிருந்து தெரியுமே எனக் கவலையுற்ற உமர் (ரலி) அவர்கள், ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, அதிக உயரமோ அதிகக் குட்டையோ இல்லாத ஒருவரை அதன் மீது நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜன்னல் வழியே அவருக்கு வெளியே தெரியுமானால் அறையை இடித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. எகிப்தின் பழம்பெரும் வரலாற்றாசிரியர் இப்னு அப்தில் ஹகம் இதனைப் பதிவு செய்துள்ளார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டியவர் ஒரு ஸஹாபி. அவருடைய எண்ணத்தை விசாரித்து வருமாறு உமர் (ரலி) சொல்லவில்லை. அங்கிருந்து என்ன தெரிகிறது என்பதைச் சோதிக்கச் சொன்னார்கள். நல்லெண்ணம் உள்ளவரின் ஜன்னலும் அண்டை வீட்டாருக்கு இடையூறாகலாம்.

பிற்காலத்தில் ஹனஃபி சட்டங்களைத் தொகுத்து உதுமானிய அரசு வெளியிட்ட 'மஜல்லா'வின் 1202ஆவது விதி இதனை இன்னும் தெளிவாக்குகிறது. சமையலறை, கிணற்றடி, முற்றம் போன்று பெண்கள் புழங்கும் இடங்கள் அண்டை வீட்டாரின் பார்வையில் படுவது பெருந்தீங்கு என அது வரையறுக்கிறது. சுவரோ பலகைத் தடுப்போ வைத்து அந்தத் தீங்கை நீக்குமாறு ஜன்னல்காரர் கட்டாயப்படுத்தப்படுவார். அதற்காக ஜன்னலையே அடைத்துவிடுமாறு அவரை நிர்ப்பந்திக்க முடியாது. எவ்வளவு நீதமான தீர்ப்பு! இவருக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். அவருக்கு மறைப்பு வேண்டும். கேமரா விஷயத்திலும் தீர்ப்பு இதுவே. திருடனைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அண்டை வீட்டு முற்றத்தைப் பார்க்கும் உரிமை இல்லை.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், 18ஆவது பிரிவில், அண்டை வீட்டாரின் அந்தரங்கம் கெடும்படி புதிய ஜன்னல் திறக்கக் கூடாது என்னும் வழக்காறு உள்ள ஊர்களில் அது சட்ட உரிமையாகும் என்று உதாரணத்துடன் கூறுகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்க உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு பாதுகாக்கும் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தமது சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. இதைக் கேட்டவுடன் "அப்படியானால் வீட்டுக் கேமராவுக்குச் சட்டமே இல்லை" என்று எண்ணிவிடக் கூடாது. ஏனைய சட்டங்கள் அப்படியே நிற்கின்றன. ஒருவரது உடலின் அந்தரங்கப் பகுதியை அவரது சம்மதமின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். தன்னை எவரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பும் இடத்தில், அவரை அந்தரங்க நிலையில் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை.

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் வாழும் நம்மவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். வீட்டுக் கேமரா பொதுத் தெருவையும் பதிவு செய்தால் அது முற்றிலும் சொந்த வீட்டுத் தேவை ஆகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2021இல் ஆக்ஸ்போர்டு நீதிமன்றம் ஒன்று, அழைப்புமணிக் கேமராக்களால் அண்டை வீட்டுப் பெண்ணைப் பதிவு செய்தவர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாக முடிவு செய்தது. தொலைவிலிருந்து வரும் பேச்சையும் அவை பதிவு செய்ததை நீதிபதி குறிப்பாகக் கண்டித்தார்.

பேச்சும் ஓர் அமானத்

பலரும் கவனிக்காத விஷயம் இது. இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் ஒலியையும் பதிவு செய்கின்றன. தாம் பேசுவதைப் பிறர் கேட்பதை விரும்பாத மக்களின் பேச்சை ஒட்டுக் கேட்பவனின் காதில் மறுமையில் ஈயம் உருக்கி ஊற்றப்படும் என்ற எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). திருடனைப் பிடிக்கப் படமே போதும். அண்டை வீட்டுக் கணவன் மனைவியின் சண்டை நமக்கு எதற்கு?

வீட்டுக்குள்ளே

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முதிய பெற்றோரைக் கவனிக்க வீட்டுக்குள் கேமரா வைக்கிறார்கள். அக்கறை பாராட்டத்தக்கது. ஆனால் உம்மாவிடம் கேட்டீர்களா? அவர் முக்காட்டைக் கழற்றி அமரும் அறை அல்லவா அது? வீட்டில் உள்ள பிள்ளைகளே மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் அறைக்குள் வர வேண்டும் என்று சூரத்துந் நூரின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஒரே வீட்டில் வசிப்போருக்கு இடையிலும் அந்தரங்கம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சகோதரர்கள் சேர்ந்து வசித்த ஒரு வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள், உடன் வசிப்பவரின் சம்மதமின்றிக் கேமராக்களை இயக்குவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு மே மாதத்தில் மறுத்துவிட்டது.

செய்ய வேண்டியவை

1. பொருத்துபவர் போவதற்கு முன் ஒவ்வொரு கேமராவின் படத்தையும் நீங்களே பாருங்கள். உமர் (ரலி) அவர்கள் போடச் சொன்ன கட்டில் இதுவே. உங்கள் வாசலும் சுற்றுச்சுவரும் தெரிந்தால் போதும்.

2. அண்டை வீட்டின் கதவு, ஜன்னல், கொல்லை, மொட்டை மாடி தெரிந்தால் கேமராவைத் திருப்புங்கள். திருப்ப இயலாவிட்டால், படத்தின் அப்பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளின் அமைப்பில் உள்ளது. மஜல்லா சொன்ன பலகைத் தடுப்பு அதுதான்.

3. அண்டை வீட்டாரை அழைத்துப் படத்தைக் காட்டிவிடுங்கள். சந்தேகம் அங்கேயே முடிந்துவிடும்.

4. ஒலிப்பதிவை நிறுத்திவையுங்கள். கேமரா இருப்பதை அறிவிக்கும் பலகை ஒன்றை வாசலில் வையுங்கள்.

5. கருவியுடன் வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் வெளியாகிப் பெண்களின் மானம் சந்தைக்கு வந்ததை நாடறியும்.

6. பழைய பதிவுகள் சில வாரங்களில் தாமாக அழியும்படி அமைத்துவிடுங்கள்.

குற்றம் ஏதும் பதிவாகியிருந்தால் அப்பகுதியை வெட்டாமல், ஒட்டாமல் பாதுகாத்துக் காவல்துறையிடம் கொடுங்கள். மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் ஏற்கப்பட, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவை என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு மாறாக, தெருப் பையன் புகைபிடித்ததையும், பக்கத்து வீட்டுக்கு யார் வந்தார் என்பதையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஈமானுள்ளவரின் வேலையன்று. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்பது முஸ்லிமில் வரும் நபிமொழியின் கருத்து.

கேமரா பொருத்தப்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனத்தில் வைத்துக் குமையாதீர்கள். ஏணி வைத்து உடைக்கவும் செய்யாதீர்கள். முதலில் நேரில் சென்று அழகிய முறையில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஜமாஅத்தில் சொல்லுங்கள். அதற்கும் பலனில்லையேல் காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கின்றன.

அந்தப் பெரியவரின் வீட்டிலிருந்து திரும்பியதும் எமது பள்ளிவாசலின் கேமராக்களையும் பார்த்தேன். பெண்கள் தொழுமிடத்தின் வாசலை நோக்கி ஒன்று இருந்தது. அதையும் திருப்பினோம். பிறருக்குச் சொல்லும் முன் நம் சுவரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எவனுடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவன் முஃமினாக மாட்டான் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சத்தியமிட்டுக் கூறினார்கள் (புகாரி). நாம் நிம்மதியாக உறங்க வைத்த கருவி, அடுத்த வீட்டுச் சகோதரியின் கொல்லைக் கதவை அடைத்துவிடக் கூடாது. இன்று மஃக்ரிபுக்கு முன் உங்கள் கைபேசியைத் திறந்து ஒரு முறை பாருங்கள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் அல்லாஹ், நமது கண்களையும் நாம் பொருத்திய கண்களையும் ஹராமை விட்டுப் பாதுகாப்பானாக! நமது குறைகளை மறைத்து, அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணி வாழ நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.