தங்கவயல் தூசியும் எண்ணெய் வடியும் முகமும்

இரண்டு வேறு தொல்லைகள்

கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. ஆனால் சுரங்கங்கள் கொட்டிவைத்த சயனைடு மண் மேடுகள் ஊரைச் சுற்றி இன்னும் நிற்கின்றன. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கழிவு அது. காற்றடி காலத்தில் அந்த வெளிறிய தூசி சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை எங்கும் பறந்து, லைன் வீடுகளின் சட்டி பானை வரை படிகிறது. எண்ணெய்ப் பசையுள்ள முகத்தில் அது இன்னும் கெட்டியாக ஒட்டும். அதனால் இங்கே பலருக்கும் நெற்றியில் வடியும் எண்ணெயும் அதன்மேல் படியும் மண்ணும் ஒரே அழுக்காகத் தெரிகின்றன. கை தானாகச் சோப்பைத் தேடுகிறது. ஒரு நாளில் நாலைந்து முறை முகம் தேய்க்கப்படுகிறது. தூசி வெளியிலிருந்து வருவது, ஒரு தரம் கழுவினால் போய்விடும். எண்ணெய் உள்ளிருந்து வருவது, எத்தனை முறை கழுவினாலும் அதன் ஊற்று நிற்காது. எண்ணெய் முகங்களுக்கு நேரும் கெடுதலில் பெரும்பங்கு, இரண்டாவதை முதலாவது என்று எண்ணி நடத்துவதால் வருகிறது.

(தூசியின் உண்மையான ஆபத்து முகத்தில் இல்லை, நுரையீரலில் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களின் சிலிகோசிஸ் நோயை அறிந்த ஊருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காற்றடிக்கும் நாளில் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது முகம் கழுவுவதைவிட முக்கியம்.)

எண்ணெய் எங்கிருந்து வருகிறது

தோலுக்குள் மயிர்க்கால்களை ஒட்டி இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெற்றியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கும். கை கால்களில் அதில் சிறு பகுதிதான். நெற்றி, மூக்கு, தாடை மட்டும் பளபளப்பதும் கன்னம் வறண்டிருப்பதும் இதனால்தான். சுரப்பின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பவை ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களும் பரம்பரையும். பருவ வயதில் சட்டென்று கூடி, வயது ஏற ஏறக் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் நன்றாகவே குறைந்துவிடும். முகம் கழுவாத சோம்பேறிக்கு எண்ணெய் வழிகிறது என்ற பேச்சுக்கு உடலியலில் இடமே இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு பேச்சும் உண்டு: அடிக்கடி கழுவினால் சுரப்பி கோபித்துக்கொண்டு இரட்டிப்பாகச் சுரக்குமாம். அழகுக் குறிப்புகளில் இது அடிக்கடி வருகிறது, ஆனால் சான்று பலமாக இல்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் ஷெல்லியும் 1958இலேயே இதை ஆராய்ந்து, தோலின் மேல் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பது சுரப்பிக்குத் தெரிவதில்லை, அது தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்படியானால் கழுவுவதால் எண்ணெய் கூடுவதும் இல்லை, சுரப்பு குறைவதும் இல்லை. துடைத்து எடுத்தது சில மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

வெப்பம் செய்யும் வேலை

நாளின் நேரத்துக்கு நேரம் பளபளப்பு மாறுவதற்கு முக்கியமான காரணம் வெப்பம். 1970இல் பிரிட்டனில் கன்லிஃப், பர்ட்டன், ஷஸ்டர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் எண்ணெய் வெளியேறும் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் மாறுவது தெரியவந்தது. எண்ணெய் சூட்டில் இளகி மேற்பரப்பில் எளிதாகப் பரவுவதும் இதற்கு ஒரு காரணம். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் பாறை வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. அங்கே வேலை செய்த தலைமுறைக்கு எண்ணெயும் வியர்வையும் பிரித்தறிய முடியாதபடி சேர்ந்தே வடிந்திருக்கும். இன்றைய தலைமுறைக்கு அந்த இடத்தை மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில் பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் கிளம்பி, நிற்க இடமில்லாத பெட்டியில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போய் வேலையில் சேர்கிறவர்களின் நெற்றி, வீட்டில் கழுவியபோது இருந்தது போல இருப்பதில்லை. ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதை. அதிகாலையில் இன்னொரு தடவை சோப்புப் போட்டிருந்தாலும் இது மாறியிருக்காது. வெப்பம் குறைந்தால்தான் மாறும். முகத்தில் காற்றுப் படுவது, ஹெல்மெட்டுக்கு உள்ளே துவைத்த பருத்தித் துணி, இறங்கியதும் குளிர்ந்த வெறும் தண்ணீர் ஆகியவற்றுக்கு விலையுயர்ந்த கிரீம்களைவிடப் பலன் அதிகம்.

எத்தனை முறை, எதைக்கொண்டு

2006இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முகப்பரு உள்ள ஆண்களை நாளுக்கு ஒரு முறை, இரண்டு முறை, நான்கு முறை கழுவும் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஆறு வாரங்களில் இரண்டு முறை கழுவியவர்களுக்குக் கரும்புள்ளிகள் குறைந்தன. ஒரு முறை மட்டும் கழுவியவர்களுக்குப் பரு மோசமானது. நான்கு முறை கழுவியவர்கள் கூடுதலாக எதையும் சம்பாதிக்கவில்லை. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சொற்பம், அதுவும் பருவைப் பற்றியது, பளபளப்பைப் பற்றியது அல்ல. ஆனாலும் காலையிலும் இரவிலும் கழுவினால் போதும் என்ற தோல் மருத்துவர்களின் வழக்கமான அறிவுரைக்கு அது இசைகிறது. தூசியில் வேலை செய்து வருகிறவர்கள் இது போதாது என்பார்கள். நியாயம்தான், வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை கழுவுங்கள், அதுவே இரவுக் கழுவலாக இருக்கட்டும். இடையில் தூசி படிந்தால் வெறும் தண்ணீர் போதும்.

எதைக்கொண்டு கழுவுவது என்பதில்தான் கோலார் மாவட்டத்துக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சாதாரண சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகின்றன. வாளியின் ஓரத்தில் படிவது போலவே முகத்திலும் படியும். நுரை வராததால் இன்னும் சோப்பு, இன்னும் தேய்ப்பு. தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, அமில காரக் குறியீடு சுமார் 5. சோப்போ 9, 10 என்று காரமானது. கழுவியபின் முகம் விறைத்து இழுத்தால் சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறோம். அது தோலின் தடுப்புச் சுவர் சேதமானதன் அறிகுறி. கடின நீரிலும் கசடு கட்டாத, மருந்துக் கடைகளில் கிடைக்கும் சோப்பு சேராத கழுவு கட்டியோ மென்மையான ஃபேஸ்வாஷோ நல்லது. பரு உள்ளவர்களுக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம் கலந்தது உதவும்.

பாட்டி காலத்துப் பயத்தம் மாவும் கடலை மாவும் கெட்டுப் போய்விட்டனவா என்று கேட்கலாம். இல்லை. மாவு எண்ணெயை உறிஞ்சுகிறது, கடின நீரிலும் கசடு கட்டாது. கொரகொரப்பாகத் தேய்க்காமல் குழைத்துத் தடவிக் கழுவினால் குற்றம் ஒன்றும் இல்லை. அதில் எலுமிச்சைச் சாறு பிழிவதுதான் தவறு. அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாகிக் கருத்துப்போகும், அந்தக் கருமை மாதக் கணக்கில் நிற்கும்.

நண்பகல் பளபளப்பு

பகலில் தேவைப்படுவது எண்ணெயை ஒற்றி எடுப்பது மட்டுமே. சுத்தமான பருத்திக் கைக்குட்டையை நெற்றியில் அழுத்தி எடுத்தால் போதும். இழுத்துத் துடைத்தால் தூசியின் துகள்களே முகத்தைக் கீறும். எண்ணெய்மேல் பவுடர் அப்பினால் ஒரு மணி நேரத்தில் திட்டுத்திட்டாகும். ஒற்றிய பிறகு மெல்லிய பூச்சு போட்டால் நிற்கும். எண்ணெய் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்பது பலரின் கேள்வி. எண்ணெய் வேறு, தோலின் ஈரப்பதம் வேறு. பளபளக்கும் முகமும் சோப்பால் ஈரம் இழந்து எரியலாம். ஜெல் வகை ஈரப்பூச்சும் ஜெல் வகை சன்ஸ்கிரீனும் பிசுபிசுப்பைக் கூட்டாது. நியாசினமைடு 2 சதவீதம் கலந்த பூச்சை ஜப்பானியர்களிடம் சோதித்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு வாரங்களிலேயே எண்ணெய் வெளியேற்றம் குறைந்தது. குறையும் என்றுதான் சொல்ல முடியும், நிற்கும் என்று அல்ல.

தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் படிய வாரி ரயிலேறினால் வெப்பத்தில் அது நெற்றிக்கு இறங்கும், நெற்றி ஓரத்தில் பொடிப் பொடியாகப் பருக்கள் கிளம்பும். இரவில் வைத்துக் காலையில் அலசிவிடலாம்.

டியூபில் வரும் விபரீதம்

இவ்வளவையும் செய்து பொறுமை இழந்தவர்கள் போய்ச் சேரும் இடம் மருந்துக் கடை. அங்கே கேட்டவுடன் கிடைக்கும் டியூபில் பெட்டாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், முதல் வாரம் முகம் தெளிந்து வெளுக்கும். பிறகு நிறுத்தினால் சிவந்து எரியும், பருக்கள் கொத்தாக வரும், தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியும்; விட முடியாமல் மறுபடி தடவுவார்கள். இதற்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் சொல்வதும் கடையில் நடப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. டியூபின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்குகிறவரே படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெண்களுக்குத் திடீரென்று எண்ணெய் கூடி, மாதவிடாய் தவறி, தாடையில் முடி வளர்ந்தால் அது முகப்பூச்சுக்கான விஷயம் அல்ல. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும். சுரப்பிகளையே சுருக்கி எண்ணெயைப் பெருமளவு குறைக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் உண்டு. கடுமையான பருவுக்குத் தருவார்கள். கருவில் இருக்கும் குழந்தைக்கு அது கடும் ஊனம் உண்டாக்கும் என்பதால் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனையும் வேண்டும். மதிய நேரப் பளபளப்புக்காக, தோழி சாப்பிட்டாள் என்று வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல அது.